பலகையில் காணாமல் போன நாற்பத்தெட்டு

டேமரக் ஏரி
செப்டம்பர் 9, புதன்கிழமை

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, சனிக்கிழமை தவறாமல் சானா நீராவி அறையில் வியர்த்து, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நியூசிலாந்தில் குளிர் விட்டிருக்கும், நீயும் இருமல் தும்மல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவின் இடுப்பு ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, கைத்தடியை மூலையில் போட்டுவிட்டு திம்பிள்பெர்ரி பறிக்கப் போய்விட்டாள், நான் வேண்டாம் என்று சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பதினோரு பாட்டில் ஜாம் காய்ச்சினாள். போன வாரம் கரடி வந்து பறவைத் தீனிப் பெட்டியைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று, கம்பம் சாலைக்கு அந்தப் பக்கம் கிடந்தது, பெட்டியைக் காணோம். கூரைக்குப் புதுத் தகடு போட்டாயிற்று, பனி வருவதற்குள் புகைக்குழாயையும் சுத்தம் பண்ண வேண்டும்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லையம்மா, அதுதான் காரணம். இரண்டு ஞாயிறு நீ கூப்பிட்டபோது நான் படகுக் கொட்டகையில் வேலை இருக்கிறது என்று நழுவினேன், அங்கே ஒரு வேலையும் இல்லை, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் நண்பன் லைல் ஹார்யுவுக்கு நான் ஒரு கெடுதல் செய்தேன், அதை மறைக்கப் போய் உனக்கும் ஒரு துரோகம் செய்துவிட்டேன். இதைக் கடைசிவரை படி, நடுவில் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிடாதே. அவளுக்கு எல்லாம் தெரியும். உன்னிடம் நானேதான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள்.

பிப்ரவரியில் நம் மஸ்கி மீன்பிடி கிளப்பில் படங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது உனக்கு நினைவிருக்கும். வருகிற போட்டோவையெல்லாம் சேர்த்து வைக்க வேண்டும், போட்டிப் படங்களை நடுவர்களுக்கு அனுப்ப வேண்டும், வருஷக் கடைசியில் காலண்டருக்கு நல்ல படமாகப் பொறுக்கித் தர வேண்டும். படத்தைத் திருத்துவதற்குச் சுலபமாக ஒரு ப்ரோகிராம் சொல்லு என்று உன்னைக் கேட்டேன். நீ வேலைக்கு நடுவில் உட்கார்ந்து எவ்வளவு பெரிய மெயில் எழுதினாய்! இலவசமாக எது கிடைத்தாலும் முதலில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பண்ணினதை மாற்றிப் பழையபடி ஆக்க முடிகிறதா என்று பாருங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மூலப் படத்தைத் தொடாமல் தனியாக வைத்திருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மூலப் படம் என்ற இடத்தில் தடித்த எழுத்து போட்டிருந்தாய். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பொண்ணு அப்பாவைப் பள்ளிக்கூடத்துப் பையனாக்கிவிட்டாளே என்று.

நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? பட்டனை எண்ணினேன். முதலில் பார்த்ததில் முகப்பிலேயே அறுபத்து மூன்று பட்டன். முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன் நான், அந்த பஸ்ஸுக்கே அத்தனை கிடையாது. மூடிவிட்டேன். இரண்டாவது பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் திறக்கும்போதெல்லாம் மெயில் முகவரி கேட்டது, ஏழு நாள் கழித்துப் படத்துக்கு நடுவில் தன் பெயரை முத்திரை குத்திவிட்டது, அதுவும் கிளப் தலைவி மார்சி டோலோனனின் மூக்கின்மேல். மூன்றாவது லைப்ரரி கெயில் காட்டியது. "வெர்லின், இதுல நீ எதைத் தேய்ச்சாலும் நிஜப் படம் பத்திரமா இருக்கும், கெடுத்துட்டோம்னு பயமே வேணாம்" என்றாள். நீ சொன்ன அதே குணம். ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டு இரண்டாக நின்றது, எது பழசு எது புதுசு என்று பெயர் வைக்க வேண்டியிருந்தது, எனக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. நாலாவதாக ஒன்று கண்ணில் பட்டது, மொத்தம் ஐந்தே பட்டன். வெட்டு, நிமிர்த்து, வெளிச்சம், துடை, சேமி. இவ்வளவுதானே நமக்கு வேண்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டேன். நீ போனில், "அப்பா, அது பழைய படத்து மேலயே எழுதிடுது, வேணாம்ப்பா, கெயில் சொன்னதையே வெச்சுக்கோ" என்றாய். நான், "இது என்ன ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயாடி, மீன் போட்டோதானே" என்றேன். நீ பெருமூச்சு விட்டது அத்தனை தூரத்திலிருந்தும் கேட்டது.

அதற்கப்புறம் எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்தத் துடை பட்டன் இருக்கிறதே, அதில் ஒரு தூரிகை வரும், வேண்டாததன்மேல் தேய்த்தால் சுற்றியிருப்பதைக் கொண்டே அந்த இடத்தை நிரப்பிவிடும். சர்ச் விருந்துப் படத்திலிருந்து பீர் டப்பாவைத் துடைத்தேன். கிளப்பில் நம்மோடு இருக்கிற டுவேனின் கல்யாணப் படத்தில் மணப்பெண் தலைக்குமேல் போன மின்கம்பியைத் துடைத்தேன். பெட்ரோல் பங்க் காபி மேஜையில் ஆளுக்கு ஒரு போனை நீட்டிக்கொண்டு, "வெர்லின், இவளோட சித்தப்பாவத் துடைச்சுக் குடேன்" என்று கேலியும் கெஞ்சலுமாக நிற்பார்கள். ரிட்டயர் ஆன பிறகு என்னை யாரும் அப்படித் தேடி வந்ததில்லை, டெஸ். மே மாதக் கூட்டத்தில் மார்சி எல்லார் முன்னாலும், "காலண்டர் படத்துல என்ன வேணா பண்ணிக்கோ. போட்டிப் படத்துல மட்டும் கை வெக்காதே. நாம மீனைத் தண்ணியில விட்டுடறோம், நமக்குச் சாட்சின்னு இருக்கறது அந்தப் படம் ஒண்ணுதான்" என்று சொன்னாள். நான் என்ன சின்னப் பிள்ளையா என்று எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. சரி சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூலைக் கடைசியில் போட்டி. உன் லைல் மாமா எப்போதும்போலத் தனியாகத்தான் படகில் போனான். உனக்குத்தான் தெரியுமே, பேப்பர் மில்லில் இருந்த காலத்திலிருந்தே தனிக்கட்டை, பேச்சும் கம்மி, மீன் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரே முகம். அன்று சாயங்காலம் நம் வீட்டு வாசலுக்கு வந்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அம்பத்தொண்ணரை அங்குலம், வெர்லின்" என்றான். அவ்வளவுதான். கிளப் சுவரில் பெரிய மீன் என்று பெயர் ஏறி நிற்பது ஐம்பதே கால் அங்குலம், அதுவும் பத்தொன்பது வருஷமாக அசையாமல். உன் அம்மா ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடித்தாள். படம் போனில் எடுத்திருந்தான், தூண்டில் கோல் செருகுகிற இடத்தில் போனைச் செருகி, தானாகப் படம் எடுக்க வைத்து, மீனை அளவுப் பலகையில் கிடத்தி, வாய் முன்பலகையில் முட்ட, வால் நுனியைப் பிடித்துக்கொண்டு, சட்டப்படி எல்லாம் சரியாக. எடுத்ததும் மீனைத் தண்ணீரில் நேராகப் பிடித்துக்கொண்டு அது தானாக நீந்திப் போகிறவரை காத்திருந்தானாம். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னான். மெயில் அனுப்ப அவனுக்குத் தெரியாது, போனிலிருந்த சிறு கார்டைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, "நீ அனுப்பிடு" என்றான்.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றினேன் என்றால் நகல் எடுத்து வைக்கவில்லை, கார்டிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டினேன், அவன் கார்டில் இடம் காலியாகட்டுமே என்று ஒரு நல்ல எண்ணம். படம் அருமை, டெஸ். மீனின் கண் உயிரோடு மின்னிற்று. ஆனால் பலகையின் ஓரத்தில், அங்குல எண்கள் வரிசையாக இருக்கிற இடத்தில், நாற்பத்தெட்டின்மேல் ரத்தமும் கொழகொழப்புமாக ஒரு தீற்றல். இந்தப் படம் காலண்டரின் அட்டைக்கு வரப்போகிறது, சுவரில் பெரிதாக மாட்டப்போகிறார்கள், என் நண்பனின் வாழ்நாள் மீன் இப்படி அசிங்கமாகவா நிற்பது என்று தோன்றிற்று. மார்சி சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அழுக்கைத்தானே துடைக்கிறோம், மீனையா நீட்டுகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். துடை, நிமிர்த்து, வெளிச்சம், சேமி. நாலே பட்டன். அனுப்பிவிட்டு லைலுக்குக் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன், கையில் இறைச்சி வைத்துச் சுட்ட ஒரு பாஸ்டியையும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள் அம்மா.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு மத்தியானம் கிளப் ஹாலில் முடிவு சொல்கிற கூட்டம். மார்சி படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை, பலகையின் ஓரத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போனாள், அப்புறம் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். நாற்பத்தாறு. நாற்பத்தேழு. நாற்பத்தேழு. நாற்பத்தொன்பது. எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது, அந்தத் தூரிகை அழுக்கோடு நாற்பத்தெட்டையும் துடைத்துவிட்டுப் பக்கத்து நாற்பத்தேழைக் கொண்டு நிரப்பியிருக்கிறது. "லைல், இது என்னதுன்னு சொல்லு" என்றாள் மார்சி. அவன் எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். "எனக்குத் தெரியலை மார்சி. என் பலகையில நாப்பத்தெட்டு இருக்கு. வண்டியிலதான் இருக்கு, கொண்டாரட்டுமா?" என்றான். நிஜமாகவே போய்க் கொண்டுவந்தான், டெஸ். அந்த நீளப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஹாலுக்கு நடுவில் நின்று, நாற்பத்தெட்டை விரலால் தொட்டுக் காட்டினான். பின்னாலிருந்து யாரோ, "பலகையில இருக்குப்பா, போட்டோலதான் ஓடிப்போச்சு" என்றார்கள், எல்லாரும் சிரித்தார்கள். மார்சி என் பக்கம் திரும்பினாள். "வெர்லின், படம் உனக்கு வந்தப்பவே இப்படித்தான் இருந்துதா?" என்று கேட்டாள்.

வந்தது வந்தபடிதான் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று முப்பது தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வீட்டுக்குப் போய் மூலப் படத்தைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், நான் கை வைத்தது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று ஒரு நினைப்பு ஓடியது உண்மை. மே மாதம் மார்சி சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்களே என்ற வெட்கம் அதைவிட உண்மை. லைல் என்னைப் பார்த்துத் தலையசைத்தான், ஏதோ அவன் பக்கம் பேசினேன் என்று நினைத்தானோ என்னவோ. படத்தைத் திருத்தினான் என்று லைலுக்கு ஐந்து வருஷம் போட்டித் தடை, மீன் கணக்கில் வராது என்று எழுதிப் படித்தார்கள். அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். நான் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் புரட்டிப் போட்டுத் தேடினேன். நீ சொன்னது சொன்னபடியே ஆகியிருந்தது. பழைய படத்தின்மேலேயே எழுதியிருந்தது, தொட்டதற்கு முன்னால் இருந்தது எங்கேயும் இல்லை. லைலிடம் ஏதோ சாக்கு சொல்லி அந்தக் கார்டை வாங்கி, மார்க்வெட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அதற்குள் லைல் அதில் வேறு படங்கள் எடுத்திருந்தான், அந்த மனிதர் உதட்டைப் பிதுக்கினார்.

அப்புறம் ஒரு மூன்று வாரம் ஊர் அவனை என்ன பாடு படுத்திற்று தெரியுமா? காபி மேஜைக்கு அவன் வந்தால், "வாங்க லைல், நாப்பத்தேழு, நாப்பத்தேழு, நாப்பத்தொம்பது" என்று ராகம் போட்டார்கள். இரும்புக் கடையில் அளவு நாடா வாங்கப் போனவனிடம், "இதுல எல்லா நம்பரும் இருக்கு, பரவால்லையா?" என்று கேட்டார்களாம். கெட்டவர்கள் இல்லை இவர்கள், உனக்கே தெரியும், வாய்தான். முதலில் அவன் காபிக்கு வருவது நின்றது. அப்புறம் சர்ச்சில் பின் வரிசைக்குப் போனான். அப்புறம் அவன் படகின்மேல் விற்பனைக்கு என்று அட்டை தொங்கிற்று. நானும் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன், சிரிக்கிறபோது காபிக் குவளையை வாயருகே வைத்துக்கொண்டேன். நடுவில் ஒருநாள் அவன் வருஷா வருஷம் கொடுக்கிற மாதிரி புகையில் வாட்டிய மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அம்மா தட்டில் வைத்தாள், எனக்கு இறங்கவில்லை. அவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "இங்க பாரு மனுஷா, ஒரு மாசமா எதையோ முழுங்கிட்டுத் திரியறே. கக்கிடு" என்றாள். கக்கினேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "அந்த ஆளு பலகையைக் கட்டிப் பிடிச்சிட்டு நின்னாரே, அப்பக்கூடவா உனக்கு வாய் வரலை?" என்றாள். நாளைக் காலையில் லைலிடம் போய்ச் சொல், அப்புறம் கிளப்பில் சொல், இரண்டையும் செய்யாமல் என்னோடு பேசாதே என்றாள்.

போனேன். இனிமேல் எழுதப் போவதுதான் உனக்குச் செய்தது. லைல் படகுத் துறையில் உட்கார்ந்து தூண்டில் சுருளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன். படத்தைத் துடைத்தது நான்தான், நாற்பத்தெட்டு போனது என் கையால்தான், கூட்டத்தில் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அவன் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், டெஸ், என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "நான் என்னப்பா கண்டேன், டெஸ்ஸாதான் இந்த ப்ரோகிராமைப் பாத்து எடுத்துக் குடுத்தா, அழுக்கு இருந்தா இந்தப் பட்டனை அமுக்குங்கப்பான்னு அவதான் சொன்னா" என்றேன். கண்ணை இமைக்காமல் சொன்னேன். வேண்டாம் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்ட உன் பேரை, பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாய், வந்து கேட்கவா போகிறாய் என்று, இழுத்து நடுவில் போட்டேன்.

அவன் முகம் உடனே இளகிவிட்டது. அதுதான் என்னைக் கொல்கிறது. "டெஸ்ஸாவா? அய்யோ பாவம், நல்லது பண்றோம்னு சொல்லியிருக்கும் புள்ள" என்றான். எழுந்து என் தோளில் கை வைத்தான், எனக்கு ஆறுதல் சொல்ல! "அவளைத் திட்டித் தொலைக்காதே. கிளப்புல ஒண்ணும் சொல்லாதே வெர்லின். அடுத்த கோடைக்கு அவ வரா. ஊருல ஒவ்வொருத்தனும் அவளைப் பாத்து நாப்பத்தெட்டு எங்கேன்னு கேப்பான். எனக்குப் பழகிடுச்சு, அது எதுக்குப் பாவம்" என்றான். நீ பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் போட்டியில் ஜெயித்தபோது உன் பெயரைச் சுவரில் செதுக்கினவன் அவன்தான், அந்த எழுத்தில் ஒரு கீறல் விழக்கூடாது என்று திருடன் பட்டத்தைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்கிறான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி லைல், நீ பெரிய மனுஷன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் மனசு லேசாகக்கூட இருந்தது, அதை எழுதவே கூசுகிறது.

அம்மாவிடம், லைல் மன்னித்துவிட்டான், கிளப்பில் சொல்ல வேண்டாம் என்று அவனே சொல்கிறான் என்று பூசி மெழுகினேன். அவள் நம்பினாள். நாலு நாள் கழித்துத் தபால் ஆபீஸில் லைலைப் பார்த்திருக்கிறாள். நியூசிலாந்துக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்டணும் என்று கேட்டுக்கொண்டு நின்றானாம். உனக்கு ஒரு கடிதம். மனசைத் தளரவிடாதே, எனக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை, மனசார மன்னித்துவிட்டேன், நீ அப்பாவுக்கு உதவத்தானே பார்த்தாய் என்று எழுதியிருப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, "புள்ளைய ஒண்ணும் சொல்லிடாதே ராக்ஸி" என்றும் கேட்டுக்கொண்டானாம். அம்மா வீட்டுக்கு வந்து காரிலிருந்து இறங்கவே இல்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். "பெத்த பொண்ணை வித்துட்டு வந்திருக்கே" என்றாள். பத்து நாள் தனித் தட்டு, தனி அறை.

முந்தாநாள் திங்கட்கிழமை, இங்கத்திய தொழிலாளர் தினம், கிளப்பின் மீன் வறுவல் விருந்து. ஊர் முழுக்க வந்திருந்தது, லைல் வரமாட்டான் என்று நினைத்தேன், அம்மாதான் போய்க் கையோடு கூட்டி வந்திருந்தாள், ஒரு மூலையில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். நீ பிப்ரவரியில் எழுதின மெயிலைக் கெயிலிடம் சொல்லி அச்செடுத்து வைத்திருந்தேன். மார்சி நன்றி சொல்லி முடித்ததும் எழுந்து நின்றேன். லைல் படத்தைத் தொடவில்லை, தொட்டது நான், மே மாதம் வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொட்டேன், ஆகஸ்டில் உங்கள் எல்லார் முன்னாலும் பொய் சொன்னேன் என்றேன். அப்புறம் உன் மெயிலைப் படித்தேன், மூலப் படத்தைத் தனியாக வைக்காத ப்ரோகிராம் வேண்டவே வேண்டாம் என்று நீ எழுதின வரியை இரண்டு முறை படித்தேன். என் பொண்ணு வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை, கடைசியில் லைலிடம் அவள்தான் சொன்னாள் என்று அவள் தலையில் போட்டேன் என்றேன். ராகம் போட்டவர்கள் எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்சி, லைல்மேல் இருந்த தடை இந்த நிமிஷமே எடுத்தாயிற்று, அந்த ஐந்து வருஷம் எனக்கு என்று சொன்னாள். மீனை மட்டும் சுவரில் ஏற்ற முடியாது, அளவு தெரிகிற படம் இல்லையே, மன்னிக்கணும் லைல் என்றாள்.

லைல் மீனைப் பற்றிக் கேட்கவே இல்லை. இருந்த இடத்திலிருந்தே, "அப்போ டெஸ்ஸா சொல்லலையா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அவ வேணாம்னுதான் சொன்னாளா?" ஆமாம் என்றேன். தொட்டும் பார்க்காத தட்டை மேஜையில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, எல்லாரையும் தாண்டி வெளியே போனான். டுவேன் பின்னாலேயே ஓடினான், என்னென்னவோ சொன்னான், லைல் கையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

நேற்றுக் காலையில் அவன் நம் வாசலுக்கு வந்தான். உள்ளே வா என்றேன், வரவில்லை. காபி என்றேன், வேண்டாம் என்றான். உனக்குப் போட்ட கடிதம் இன்னும் வந்து சேர்ந்திருக்காது, அதைப் படிக்காமல் கிழித்துப் போடச் சொல்லட்டுமா என்று நானாகவே கேட்டேன், அவனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று. "எதுக்கு? அவ படிக்கட்டும். நான் அவளைப் பத்தி அதுல எழுதினது எல்லாம் நிஜம்தான், அவ பண்ணின தப்புன்னு ஒண்ணு மட்டும்தான் இல்லை" என்றான். எனக்கு ஒரு நப்பாசை. அந்தக் கடிதத்தில் மனசார மன்னிச்சுட்டேன்னு எழுதியிருக்கியாமே லைல், ராக்ஸி சொன்னாள் என்றேன். அவன் என்னைப் பார்த்தான். கோபமாக இருந்திருந்தால் தேவலை, கோபமும் இல்லை. "அது உன் பேருக்கு எழுதினதில்லை, வெர்லின்" என்றான். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

அவ்வளவுதானம்மா. உனக்குப் புத்தி சொல்கிற தகுதி இனி எனக்கு இல்லை, நீ சொன்னதைக் கேட்டிருந்தாலே போதும். என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் சாப்பாட்டில் காட்டாதே, மழையில் நனைந்து கன்றுக்குட்டிகளுக்கு மருத்துவம் பார்க்கப் போகும்போது நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போ. நீ எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நடக்கிற மாதிரியே கடைசிவரை நடக்க வேண்டும், உன் வாக்குக்கு எப்போதும் மதிப்பு இருக்க வேண்டும், அப்பாவும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. லைலின் கடிதம் வந்ததும் பதிலை முதலில் அவனுக்குப் போடு. எனக்கு எழுத அவசரமில்லை, எழுதாவிட்டாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

உன் பேரைக் காட்டித் தப்பிக்கப் பார்த்த,
உன் அப்பா
வெர்லின் கோஸ்கெலா